சின்னக் குழந்தைகளோடு ஆடி 1-ல் தேங்காய் சுடலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் என் வீட்டிலேயே 6 குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றரை வயது முதல் 4 வயது வரை இருக்கிறார்கள். ஆடி 1 அன்று எங்கள் தெருவே தேங்காய்க்குள் பருப்பு, வெல்லம் எல்லாம் அடைத்து, குச்சியில் செருகித் தீயில் சுடும். இவர்களோடும் அதைக் கொண்டாட ஆசை. ஆனால் தீயை நினைத்தால் பயமாக இருக்கிறது, சாப்பிடும்போது தொண்டையில் சிக்குமோ என்றும் இருக்கிறது. ஒரு பிள்ளை முஸ்லிம் வீடு. இன்னொரு பிள்ளையின் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். எப்படிச் செய்வது?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். பட்டுப்பாவாடை கட்டிப் படமெடுத்து முடிக்கிற விழாவைவிட இது ஆயிரம் மடங்கு மேல். தேங்காய் சுடுவதில் தீ மூட்டுவது கடைசி அரை மணி நேர வேலைதான். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் பிஞ்சுக் கைகளுக்கு ஏற்ற வேலை. அதை மூன்று நாளாகப் பிரித்து, நாளுக்குக் கால் மணி நேரம் மட்டும் கொடுங்கள். அதற்குமேல் இந்த வயதுக்குப் பொறுமை இருக்காது.

முதல் நாள் நார் உரிப்பு. முற்றிய காயாக வாங்கி, மேல் நாரை நீங்கள் பிய்த்துவிட்டு, மிச்சமிருக்கும் பொடி நாரைக் குழந்தைகளிடம் விடுங்கள். இரண்டாம் நாள் அந்தக் காயைச் சொரசொரப்பான சிமென்ட் தரையில் உருட்டி உரசட்டும். ஓடு மழமழப்பாக வேண்டும் என்பது அழகுக்காக மட்டுமல்ல. ஒட்டியிருக்கும் நார்தான் தீயில் குப்பென்று பற்றும். மூன்றாம் நாள் மஞ்சள் பூசுவது. கறை போகாது, பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

கண் திறப்பது உங்கள் வேலை. மூன்று கண்களில் ஒன்றுதான் மென்மையாக இருக்கும். அதைக் கத்தி நுனியால் பென்சில் பருமனுக்குத் திறந்து, தேங்காய்த் தண்ணீரைக் கிண்ணத்தில் வடித்துக்கொள்ளுங்கள். நடுத்தரக் காய் ஒன்றுக்கு வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, அவல், வெல்லத்தூள் தலா ஒரு மேசைக்கரண்டி. அரை மணி நேரம் ஊறிய பச்சரிசியும் எள்ளும் தலா ஒரு தேக்கரண்டி. ஒரு சிட்டிகை ஏலக்காய். ஊறாத அரிசி விறைத்தே நிற்கும். ஈர வெல்லம் காயின் துளையை அடைத்துக்கொள்ளும், தூளாகவே வேண்டும். பாசிப்பருப்பையும் பொட்டுக்கடலையையும் மிக்ஸியில் பொடித்துவிடுங்கள்: குழந்தையின் மூச்சுக்குழலை அடைக்கிற அளவிலேயே முழுப்பொட்டுக்கடலை இருக்கிறது. கலப்பதையும், காகிதக் கூம்பு வழியே போடுவதையும் 3 வயதுக்கு மேற்பட்டவர்கள் செய்யலாம். வடித்த தண்ணீரையும் கொஞ்சம் திருப்பி ஊற்றி முக்கால் பாகத்தோடு நிறுத்துங்கள். நிறைய அடைத்தால் அரிசி உப்பி, ஆவி போக வழியில்லாமல் ஓடு வெடித்துக் கொதிக்கிற பாகு தெறிக்கும்.

காயின் கண்ணில் செருகும் குச்சி அழிஞ்சி மரத்ததுதான், அந்த வாரம் சேலத்துக் கடைத்தெருவில் கட்டுக்கட்டாக விற்கும். கிடைக்கவில்லை என்று அரளிக் கிளையை ஒடித்துவிடாதீர்கள். பனமரத்துப்பட்டிப் பக்கம் பூவுக்காகப் பயிரிடுவதால் நம் ஊரில் எளிதில் கைக்கு வரும் செடி அது. ஆனால் வேர் முதல் பூ வரை விஷம்.

சுடுவதைப் பெற்றோர் அழைத்துப்போக வரும் மாலை நேரத்தில் வையுங்கள். இதுதான் நான் சொல்வதிலேயே முக்கியமானது. ஒரே ஆளாக 6 பேரையும் தீயையும் பார்க்க முடியாது, முயலவும் கூடாது. அவரவர் பிள்ளையை அவரவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் தீயை மட்டும் பாருங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பொறி பறக்காதா? மொட்டை மாடி வேண்டாம். மதில் மறைவில் செங்கல் அடுக்கி, தென்னமட்டையால் மூட்டுங்கள்; மண்ணெண்ணெய் கூடாது. தரையில் கோலமாவால் ஒரு கோடு, தீயிலிருந்து பத்தடி தள்ளி. முந்தின நாளே அந்தக் கோட்டில் நிற்கப் பழக்குங்கள். மூச்சு இளைப்பு உள்ள பிள்ளை ஜன்னல் வழியே பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டும்.

திருப்பித் திருப்பி 20 முதல் 30 நிமிடம் காட்டினால் ஓடு கருகி விரிசல் விடும். உடனே உடைக்காதீர்கள். உள்ளே பாகு கொதித்துக்கொண்டிருக்கும். கால் மணி நேரமாவது ஆறட்டும். தேங்காயைத் துண்டாகக் கொடுக்காமல் துருவிப் பூரணத்தோடு பிசைந்து, உட்காரவைத்து ஊட்டுங்கள். 2 வயது ஆகாதவர்களுக்கு வெல்லம் வேண்டாம், துருவலே போதும். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்; பற்பசை, மாவு எதையும் தடவாதீர்கள். தொண்டையில் அடைத்து இருமவோ அழவோ முடியாமல் போனால், குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 தட்டு. வெளிவராவிட்டால் தொப்புளுக்கு மேல் 5 முறை உள்நோக்கி மேலே அழுத்தி, மாறிமாறிச் செய்யுங்கள். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

பத்து நாள் முன்னதாகவே எல்லாப் பெற்றோருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: என்ன செய்யப்போகிறோம், உள்ளே என்னென்ன பொருள், எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா, சாமிக்குப் படைப்பதில் சம்மதமா. படைத்ததைச் சாப்பிடத் தயங்கும் வீட்டுக்காகப் படைக்காத காய் ஒன்றைத் தனியாக எடுத்துவையுங்கள். சம்மதமில்லை என்றால் நார் உரிப்பும் மஞ்சளும் மட்டும் போதும். காய், குச்சிச் செலவைப் பங்கு போட்டுக் கேட்பதில் உங்களுக்குத் தயக்கம் வேண்டாம், அது நியாயமான கணக்கு.

பாரதப் போரோடு சேர்த்துப் பெரியவர்கள் சொல்லும் கதை இந்த வயதுக்கு எட்டாது. அதற்குப் பதில், வீட்டில் தேங்காயை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். உருதில் நாரியல், தெலுங்கில் கொப்பரிகாய என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொன்று கொண்டுவரும். உரசுகிறபோது அத்தனை பெயரையும் சொல்லிச் சொல்லியே உரசலாம்.