சென்சார் ஒட்டிய இடத்தில் அரிப்பு: தோல் மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: மகளுக்குப் பதினொரு வயது, முதல் வகைச் சர்க்கரை நோய். கையில் ஒட்டிச் சர்க்கரை அளவைத் தொடர்ந்து பார்க்கும் சென்சாரை நான்கு மாதம் ஒட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. இப்போது மட்டும் ஏன் அரிக்கிறது?

பதில்: ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை அம்மா. தோல் ஒரு பொருளைப் பகைத்துக்கொள்ள மாதங்கள்கூட ஆகும். பகைத்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. சென்சார்களில் அடிக்கடி சிக்கும் குற்றவாளி ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற ரசாயனம். 2017இல் பெல்ஜியம், ஸ்வீடன் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அது இருந்தது தோலில் படும் பசையில் அல்ல, பிளாஸ்டிக் மூடியின் இரு பாகங்களையும் இணைக்கும் பசையில். அங்கிருந்து மெல்லக் கசிந்து தோலுக்கு வந்திருக்கிறது. பின்னர் வந்த சில மாடல்களில் அதை நீக்கிவிட்டார்கள். உங்கள் மாடலில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: வெறும் எரிச்சலா, ஒவ்வாமையா?

பதில்: எரிச்சல் ஒட்டிய எல்லைக்குள் நின்று ஓரிரு நாளில் அடங்கும். ஒவ்வாமை எல்லை தாண்டும். குருணை போன்ற நீர்க்கொப்புளங்கள் எழும், கழற்றிய பிறகும் நாள்கணக்கில் அரிக்கும். உறுதி செய்ய, சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் உண்டு.

கேள்வி: என்ன களிம்பு போடலாம்?

பதில்: மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தே பலருக்கு ஒவ்வாமை தரும்.

கேள்வி: எல்லாம் உடல் சூடு டாக்டர். எண்ணெய்க் குளியல் போதும். பசைமேல் பழி போடாதீர்கள்.

பதில்: வியர்வை அரிப்பைக் கூட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூடு எப்படி ஐயா சென்சாரின் வட்டத்தை அப்படியே கையில் வரையும்?

கேள்வி: என் மனைவிக்கு ஊட்டியில் மார்கழிக் குளிரிலும் வந்தது டாக்டர். உடல் சூடு என்றவர் இதற்கென்ன சொல்கிறார்?

கேள்வி: குளிரிலும் உள்சூடு இருக்கும். சென்சாரையே நிறுத்தினால் தீர்ந்தது.

பதில்: இதைத்தான் நான் அஞ்சுகிறேன். தூங்கும் குழந்தைக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்கினால், எழுப்பிச் சொல்வது அந்தச் சென்சாரின் அலாரம்தான். சூடு என்று சொல்லி அதைப் பறிக்காதீர்கள். காரணத்தைக் கண்டுபிடித்து மாடலை மாற்றுங்கள்.

கேள்வி: சென்சாருக்கு அடியில், பசை தோலில் படாமலிருக்கத் தடுப்புத் திரவம் தடவலாமா?

பதில்: எரிச்சலுக்கு உதவும். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் தாங்காது.

கேள்வி: பெட்னோவேட் என்ற ஸ்டீராய்டு களிம்பு போடலாமா?

பதில்: களிம்பு பற்றி மேலே சொல்லிவிட்டேன். மருத்துவர் பார்க்காமல் எதுவும் வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு இன்றிரவு புதியது ஒட்ட வேண்டும். என்ன செய்வது?

பதில்: புண்பட்ட இடத்தில் ஒட்டாதீர்கள் அம்மா. அவள் சர்க்கரை மருத்துவரை இப்போதே அழையுங்கள். அவர் வழி சொல்லும்வரை விரலில் குத்திப் பாருங்கள், நடு இரவில் எழுந்தும்.