வெட்டிவேர் உப்பைத் தின்னுமா?

கேள்வி: நொய்யல் ஆற்றை ஒட்டி இரண்டு ஏக்கர் தோட்டம். மஞ்சள் இலை நுனியிலிருந்து கருகுகிறது. கேன் தண்ணீர்க் கடைக்காரர் கிணற்றுத் தண்ணீரை மீட்டரில் பார்த்து, டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 3,800 என்றார். வெட்டிவேரை மிதவையில் கட்டிக் கிணற்றில் விட்டால் ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று ஒருவர் நாற்று 15 ரூபாய்க்குத் தருகிறார். கூடவே நுண்ணுயிர்க் கரைசலாம். வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். வெட்டிவேர் மேல் எனக்குக் கோபமில்லை. மாட்டுக் கட்டுத்தறி கழுவிய தண்ணீரிலுள்ள தழைச்சத்து, மணிச்சத்தை நன்றாகவே இழுக்கும். உங்களுக்கு வந்திருப்பது வேறு, ஆற்றில் வந்த சாயப்பட்டறைக் கழிவின் உப்பு. சாயம் துணியில் ஏறுவதற்குச் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ கொட்டுவார்கள். நிறத்தையாவது கரியில் வடிக்கலாம், உப்பு வடியாது.

கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 3.8 கிராம். ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். அதோடு 760 கிலோ உப்பு, 15 மூட்டை, ஒரே பாய்ச்சலில் வயலில் இறங்குகிறது! வெட்டிவேர் உப்பைத் தாங்கி நிற்கும், தீர்க்காது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன திருப்பூர்ச் சாயப்பட்டறைகள், மறுபடி ஓட ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வைக்க வேண்டியிருந்தது. புல்லால் ஆகிற வேலையென்றால் அவர்களுக்கு என்ன தலையெழுத்து? நுண்ணுயிர்க் கரைசல் விற்பவர் மீட்டரோடு வந்தாரா என்று கேளுங்கள். வந்திருக்க மாட்டார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, உங்கள் தோட்டத்து மழை எங்கே ஓடுகிறது என்பதை. உப்பை வேருக்குக் கீழே தள்ள மழைக்கு ஈடு வேறில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. ஐப்பசிக்கு முன் வரப்பை உயர்த்துங்கள். மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டுக் கிளறுங்கள். அது மண்ணிலிருந்து பெயர்த்துவிடும் சோடியம் வெளியேற வடிகால் வெட்டுங்கள். வடிகால் இல்லாத ஜிப்சம் வீண் செலவு. ஒரு மூலையில் பண்ணைக்குட்டை எடுத்தால், கிணற்றுத் தண்ணீரோடு கலந்து பாய்ச்சலாம். அதுவரை மஞ்சளை விடுங்கள், அது உப்புத் தாங்காது. தென்னை ஓரளவு தாங்கும்.

செடி வைத்தே தீருவேன் என்றால் கட்டுத்தறி வாய்க்காலில் கல்வாழை நடுங்கள். ஆனால் அவ்வப்போது அறுத்து வெளியே போட வேண்டும். அங்கேயே அழுக விட்டால் இழுத்ததையெல்லாம் தண்ணீரிலேயே கக்கிவிடும். ஆகாயத்தாமரையைக் கிணற்றுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

நாற்றுக் காசில் ஒரு மீட்டர் வாங்கி, ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் அளந்து எனக்கு எழுதுங்கள்.