மதியம் ஆக்சிஜன் 12, விடிந்தால் மீன் சாகிறது

கேள்வி: சார், நான் தர்மபுரியில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக எங்கள் ஊர் ஏரித் தண்ணீரை மதியம் 2 மணிக்கு கிட் வைத்துப் பார்த்தோம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 12 மில்லிகிராம் காட்டியது. ஏரி ஆரோக்கியமாக இருக்கிறது என்று எழுதிவிட்டோம். மீன் குத்தகை எடுத்தவரோ சிரிக்கிறார். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதாம், போன வாரம் நிறையச் செத்து மிதந்ததாம். கிட் பொய் சொல்கிறதா?
- ஒரு மாணவி, பாலக்கோடு வட்டம்

பதில்: கிட்டும் பொய் சொல்லவில்லை, குத்தகைக்காரரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் போன நேரம்தான் வில்லங்கம். தண்ணீர் பச்சைப் பெயின்ட் கரைத்த மாதிரி இருந்திருக்குமே? அத்தனையும் பாசி. வெயில் இருக்கும்வரை ஆக்சிஜனைத் தண்ணீரில் கொட்டும். பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடும், ஆனால் அதே பாசியும் அடியில் அழுகுவதைத் தின்கிற பாக்டீரியாவும் மீனும் ராத்திரி முழுக்க மூச்சு விட்டுக்கொண்டேதானே இருக்கும், அதனால் இருப்பு கரைந்து கரைந்து விடிகிற நேரத்தில் தரைதட்டிவிடுகிறது. மீன் வாயைப் பிளப்பது அப்போதுதான்.

இன்னொன்று, 12 என்பது நல்ல மார்க்கே இல்லை. 30 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீர், காற்றிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய ஏழரை மில்லிகிராமோடு நின்றுவிடும். அதைத் தாண்டி 12 வருகிறது என்றால் பாசி எல்லை மீறிவிட்டது, சாக்கடையோ வயல் உரமோ எங்கிருந்தோ வந்து சேர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

அதனால் விடியற்காலை 5.30-க்கு ஒருமுறை போங்கள், துணைக்குக் குத்தகைக்காரரையே கூப்பிடுங்கள். பாட்டிலைத் தண்ணீருக்குள் வைத்தே குமிழி இல்லாமல் மூடி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே அந்தப் பாட்டிலுக்குள் விடுங்கள் (கையுறை போட்டுக்கொண்டு, கையை அரிக்கும்). பழுப்பாகத் திரண்டால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே படிந்தால் இல்லை. மதியப் பாட்டிலையும் காலைப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாலே பாதி புராஜெக்ட் முடிந்த மாதிரி. பாதி நிரம்பிய வாட்டர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே லேபுக்குக் கொண்டு வந்தால் வழியில் காற்று கலந்துவிடும், அளப்பது ஏரியை அல்ல, டவுன் பஸ்ஸை.

அப்புறம், பாட்டில் அந்த நிமிஷத்தை மட்டும்தான் சொல்லும். அங்கேயே வாரக்கணக்கில் கிடக்கிற பூச்சிகளையும் கேளுங்கள். இரும்பு வளையத்தில் கொசுவலையைத் தைத்து, கரையோரச் சேற்றை வாரி வெள்ளைத் தட்டில் கொட்டி, ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் ஒவ்வொன்றாக நகர ஆரம்பிக்கும். தட்டான் குஞ்சுகளும், மூன்று வாலோடு வயிற்றோரச் செவுள்களைப் படபடவென்று அடிக்கிற மேஃப்ளை குஞ்சுகளும் இருந்தால் கொஞ்சம் நிம்மதி. தட்டு முழுக்க நெளிகிற சிவப்புப் புழு மட்டும்தான் என்றால் அடிச்சேற்றில் ஆக்சிஜன் பஞ்சம். அந்தப் புழுவுக்கு நம்மைப் போல ஹீமோகுளோபின் இருக்கிறது, சிவப்பு அதனால்தான், பிழைப்பதும் அதனால்தான். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் திறந்தால் நுரை மலை மாதிரி நிற்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் ஆய்வு செய்யலாமா?
- ஓர் ஆசிரியர், ஓசூர்

பதில்: பார்க்கக் கூட்டிப்போங்கள், தொட வேண்டாம். தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் தொடங்கி, பெங்களூரு வட்டாரக் கழிவையும் வாங்கிக்கொண்டு, ஓசூருக்கு வருகிறது. அதில் சோப்புத்தூள் வகை ரசாயனம் கலந்திருக்கும்போது, ஷட்டர் வழியாக விழுகிற வேகத்தில் காற்றும் சேர்ந்து நுரை தள்ளுகிறது. இலைதழை அழுகினாலும் இயற்கையாகக் கொஞ்சம் நுரை வரும், ஆனால் அது ஓரத்தில் பழுப்பாக ஒதுங்கிக் கிடக்கும், ரோட்டுக்கு வராது. தண்ணீரில் கை வைத்துப் படிக்க வேண்டுமானால் மழைக்குப் பின் கல்லுக்கு நடுவே ஓடுகிற சின்ன ஓடை போதும், முழங்கால் ஆழத்துக்குள். ஒகேனக்கல் போகலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பரிசலும் மீன் வறுவலும் சரி, வலையோடு காவிரியில் இறங்குவது மட்டும் வேண்டாம், அங்கே முதலை இருக்கிறது.