முதல் நாள் அடக்கி வாசிங்க

கேள்வி: அண்ணே, எனக்கு 46 வயசு, நாள் முழுக்க உக்காந்தே பாக்குற வேலை. இன்னும் எட்டு வாரத்துல ஒரு பாதயாத்திரை, ஆறு நாள்ல 130 கிலோமீட்டர். டெய்லி 4 கிலோமீட்டர் வாக்கிங் போறேன், அது பத்துமா? முதல் நாளே 35 முடிச்சிட்டா மிச்சம் ஈசின்னு குரூப்ல சொல்றாங்க.

பதில்: அப்படி சொன்னவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, போன தடவை மூணாம் நாள் நீங்க எப்படி நடந்தீங்கன்னு. முதல் நாள் எல்லாருக்குமே கால் பறக்கும், கூட்டம், உற்சாகம், வலின்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது, அதுக்கு வட்டி கட்டுறது மறுநாள் காலையில படுக்கைய விட்டு எந்திரிக்கும்போதுதான். 18, 22, 24, 24, 22, 20னு பிரிச்சுப் பாருங்க, 130 வந்துடும். ஸ்பெயின்ல சாண்டியாகோங்கற புனிதத் தலத்துக்கு ஜனங்க யாத்திரையா நடந்து போற 'பிரெஞ்சு வழி'ங்கற பாதை கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர், அதையே பெரும்பாலானவங்க ஒரு மாசத்துக்கு மேல எடுத்து, நாளைக்கு 20லருந்து 25தான் நடக்குறாங்க.

டெய்லி 4 நல்லதுதான், ஆனா பத்தாது. வாரக் கடைசியில ஒரு நீள நடை வைங்க, 6, 8, 10, அடுத்த வாரம் கொஞ்சம் இறங்கி 8, அப்புறம் 12, 15, 18. முக்கியமானது அந்த 18 இல்ல, மறுநாள் அதே வலிக்குற காலோட ஒரு 10 நடக்குறதுதான், ஏன்னா யாத்திரைங்கறதே அதான். கடைசி வாரம் பாதியா குறைச்சிடுங்க, அந்த ஒரு வாரத்துல புதுசா பலம் ஒண்ணும் வந்துடாது, களைப்புதான் மிஞ்சும்.

வேகம்? பக்கத்துல வர்றவர்கிட்ட மூச்சு வாங்காம பேச முடியணும், பாட முடியாட்டி பரவால்ல. 1892லயே நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார், சமதளத்துல மணிக்கு சுமாரா 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏத்தத்துக்கு ஒரு மணி நேரம் கூட. அது நல்ல பழக்கம் உள்ளவங்களுக்கு. நாம 50 நிமிஷம் நடந்து 10 நிமிஷம் உக்காந்து மணிக்கு 4னு வச்சுக்குவோம். உக்காரும்போது ஷூவ கழட்டணும், சோம்பல் படக்கூடாது.

கேள்வி: யாத்திரைக்குன்னு புது ஷூ எடுத்தா நல்லதா? போன வருஷம் கொப்புளத்தால பாதியிலயே திரும்பிட்டேன்.

பதில்: வாங்குங்க, ஆனா இன்னிக்கே வாங்கி 100 கிலோமீட்டராவது போட்டு நடந்துடுங்க. சாயங்காலம் போய் வாங்கணும், கால் அப்பதான் வீங்கியிருக்கும், பெருவிரலுக்கு முன்னாடி ஒரு விரக்கடை இடம் வேணும்.

கொப்புளத்தப் பத்தி என் கதையே இருக்கு. இடது குதிகால்ல ஒரு பொடிக்கல்லு, சுருக்சுருக்னுச்சு, அடுத்த ரெஸ்ட்ல பாத்துக்கலாம்னு விட்டேன், கூட வந்தவங்கள நிறுத்த கூச்சம் வேற. கழட்டிப் பாத்தப்ப சாக்ஸ் ஈரமா ஒட்டிக்கிச்சு, தோல் ஊறின காகிதம் மாதிரி வெளுத்து காசளவுக்கு எழும்பி நிக்குது. அந்தக் காலுக்கு பயந்து கோணலா நடந்ததுல சாயங்காலம் வலது முட்டி போச்சு. கல்லு இருந்தது இடதுல, மாட்டினது வலது!

மேல்தோல் சாக்ஸோட நின்னுடுது, உள்ள எலும்பு முன்ன பின்ன ஆடுது, நடுவுல இழுபட்டு பிரிஞ்ச இடத்துல நீர் கோத்துக்குது, ஈரம் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். அதனால ஒரு இடம் சூடா காந்த ஆரம்பிச்ச உடனே, ஆமா அந்த நிமிஷமே, நின்னு துடைச்சு டேப் ஒட்டுங்க. பருத்தி சாக்ஸ் ஈரத்த புடிச்சு வச்சுக்கும், சிந்தெடிக் இல்லன்னா கம்பளி கலந்தது போடுங்க, மதியம் ஒரு ஜோடி மாத்துங்க. கொப்புளம் வந்துட்டா மேல் தோல பிச்சு எடுக்காதீங்க, அதுதான் மூடி. நகத்த ரெண்டு மூணு நாள் முன்னாடியே நேரா வெட்டிடுங்க.

கேள்வி: எனக்கு சுகர் இருக்கு, வேண்டுதலுக்காக வெறுங்கால்ல நடக்கலாமா?

பதில்: வேண்டாம். பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா குத்தினதே தெரியாது, புண்ணு பெரிசானப்புறம்தான் தெரியும். கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர பாத்து மாத்திரை அளவையும் கேட்டுக்குங்க, நிறைய நடந்தா சர்க்கரை திடீர்னு இறங்கும், கையில இனிப்பு இருக்கணும். ராத்திரி ரெண்டு பாதத்தையும் வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க.

கேள்வி: தண்ணி எவ்வளவு குடிக்கணும்? எந்த வலிக்கு நிக்கணும்?

பதில்: தாகத்துக்கு குடிங்க, மணிக்கணக்கா வெறும் தண்ணியவே ஊத்திக்கிட்டா ரத்தத்துல உப்பு நீர்த்துப் போகும், தலைவலி, வாந்தின்னு படுக்க வச்சிடும். நல்லா வேர்த்துச்சுன்னா நடுவுல உப்பு சேர்ந்த தீனியும் உள்ள போகணும். வயித்தால போனா ஓஆர்எஸ், பாக்கெட் கிடைக்கலன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

தொடை ரெண்டும் பொதுவா கடுத்தா நடக்கலாம், இறக்கத்துல இறங்கின மறுநாள் அது வரத்தான் செய்யும். ஆனா எலும்புல ஒரே புள்ளிய அமுக்கினா சுள்ளுங்குது, இல்ல ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா இருக்கு, நெஞ்சு அடைக்குதுன்னா அங்கயே நின்னு வண்டி பிடிச்சு டாக்டர்கிட்ட போயிடுங்க, பைய கூட வர்றவங்க எடுத்துக்குவாங்க.