பரிசு கொடுத்தா பிள்ளையோட ஆர்வம் வளருமா?
மார்க் வாங்கினா சைக்கிள்னு சொல்லி படிக்க வைக்கிறது பிள்ளை குணத்தை மாத்துமான்னு கேட்டிருக்கீங்க. மாத்தும்ங்க. 1973-ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க அமெரிக்காவுல நர்சரி பிள்ளைங்கள வச்சு பார்த்தாங்க, படம் வரைஞ்சா சர்டிபிகேட் தர்றோம்னு முன்னாடியே சொல்லி வரைய வச்ச பிள்ளைங்க, ஒன்னு ரெண்டு வாரம் கழிச்சு அதே ஸ்கெட்ச் பேனாவை சும்மா வச்சப்போ மத்தவங்கள்ல பாதி நேரம்தான் வரைஞ்சாங்க, ஆனா முன்னாடி சொல்லாம திடீர்னு சர்டிபிகேட் கிடைச்ச பிள்ளைங்களுக்கு ஆர்வம் குறையவே இல்ல. எங்க வீட்லயும் பொண்ணு தானாவே செடிக்கு தண்ணி ஊத்திட்டு இருந்தா, நான்தான் பாராட்டுறேன்னு தினம் அஞ்சு ரூபா கொடுத்தேன், ஒரே மாசத்துல வாளியோட நின்னு காசு எங்கப்பாங்குறா. மனசு வலிச்சுது. இப்போ காசு இல்ல, சாயங்காலம் நானும் கூட நின்னு ஊத்துறேன், ஸ்கூல் கதையெல்லாம் அப்பதான் சொல்றா.