வாசகர் கேள்விகள்: பள்ளி வயதில் ஆய்வும் மாநாடும்

பள்ளி மாணவர்கள் செய்யும் ஆய்வுகளைப் பற்றியும், அவற்றை வாசிக்கும் மாநாடுகளைப் பற்றியும் கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களிலிருந்து நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்தாள். நெகிழிக்கு மாற்றான பொருள்களைப் பற்றி ஒரு பக்கச் சுருக்கம் எழுதி, ‘சர்வதேச மாணவர் ஆய்வு மாநாடு’ ஒன்றுக்கு அனுப்பினாள். இரண்டே நாளில் தேர்வாகிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. பதிவுக் கட்டணம் 22,000 ரூபாய் என்கிறார்கள். வெளிநாட்டுக் கல்லூரியில் சேர இந்தச் சான்றிதழ் உதவும் என்றும் சொல்கிறார்கள். கட்டலாமா?
— ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: கட்ட வேண்டாம் அம்மா. உங்கள் மகளின் உழைப்பைக் குறைவாக எண்ணி இப்படிச் சொல்லவில்லை. அந்த உழைப்பை ஒருவரும் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை என்பதால்தான் சொல்கிறேன். உண்மையான மாநாட்டில் ஒரு கட்டுரைச் சுருக்கம் வந்தால், அந்தத் துறை தெரிந்த ஒருவரோ இருவரோ அதைப் படித்து, ‘அளவீடு எப்படிச் செய்தீர்கள்’, ‘ஒப்பிட்டுப் பார்க்க என்ன வைத்திருந்தீர்கள்’ என்பது போன்ற கேள்விகளை எழுதி அனுப்புவார்கள். அதற்குச் சில வாரங்கள் ஆகும். வந்தவற்றில் ஒரு பகுதி திருப்பி அனுப்பவும் படும். இரண்டு நாளில், ஒரு கேள்வியும் கேட்காமல், ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்று வரும் மடலில் கட்டணத் தொகை மட்டும் தெளிவாக இருக்கிறது என்றால், அங்கே தேர்வு என்ற ஒன்றே நடக்கவில்லை.

கட்டணம் கேட்பதே மோசடிக்கு அடையாளம் என்று நான் சொல்லவில்லை. பேராசிரியர்கள் போகும் மாநாடுகளிலும் பதிவுக் கட்டணம் உண்டு. ஆனால் பள்ளி மாணவர்களுக்கான, நீண்டகாலமாக மதிக்கப்படுகிற திட்டங்களைப் பார்த்தால், அவற்றில் பல பணத்தை வாசலில் வைத்துத் தேர்வு செய்வதில்லை. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ‘ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிடியூட்’ 1984 இல் தொடங்கியது; ஆறு வாரக் கோடைத் திட்டமான அதில் தேர்வாகிறவர்கள் பயிற்சிக்கோ தங்குவதற்கோ பணம் கட்டுவதில்லை. முதல் வாரம் வகுப்புகள். அடுத்த ஐந்து வாரம் ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு. முடிவில் கட்டுரையும் எழுத வேண்டும், எல்லார் முன்னும் பேசவும் வேண்டும். அந்நாட்டின் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்காக 1942 முதல் நடக்கும் ‘சயின்ஸ் டேலன்ட் சர்ச்’ ஆண்டுதோறும் 300 பேரை முதலில் தேர்ந்து, அவர்களுள் 40 பேரை இறுதிச் சுற்றுக்கு அழைக்கிறது. அந்த 40 பேரிடம் நடுவர்கள் அவரவர் ஆய்வைப் பற்றி மட்டும் கேட்பதில்லை, அறிவியலின் எந்த மூலையிலிருந்தும் கேள்வி கேட்பார்கள். காசு கொடுத்து வாங்கிய கட்டுரை அந்த இடத்தில் தாங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் கட்டடத்தில் நடக்கிறது என்பதற்காக ஒரு திட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தினுடையது ஆகிவிடாது. விடுமுறையில் அரங்குகளை வாடகைக்கு விடும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அடுத்த முறை இப்படி ஓர் அழைப்பு வந்தால், கட்டுரையைப் படித்தவர் யார், அவர் எந்த நிறுவனத்தில் பணியாற்றுகிறார், சென்ற ஆண்டு எத்தனை கட்டுரைகளைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று உங்கள் மகளையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும் விதத்திலேயே அவர்கள் யார் என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு பக்கச் சுருக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதில் அவள் தன் கையால் அளந்து பார்க்கக்கூடிய ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரியிலிருந்து அவள் தொடங்கட்டும்.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எங்கள் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. இந்த ஆண்டு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் ஆர்வமாக முன்வந்து, ‘நீர் மாசு’ என்று தலைப்பும் வைத்துவிட்டார்கள். எங்களிடம் ஆய்வகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. எப்படித் தொடங்குவது?
— ஓர் ஆசிரியர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: ஐயா, ஆய்வகம் இல்லாத பள்ளிக்கும் இந்த மாநாட்டில் இடம் உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு 1993 முதல் தேசிய அளவில் நடந்துவரும் இது, 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு உரியது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை நெடுங்காலமாக எடுத்து நடத்தி வந்திருக்கிறது. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு, தங்கள் ஊரில் உள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, சில மாதங்கள் நேரில் பார்த்து, அளந்து, எழுதி, மாவட்ட அளவில் வாசிக்க வேண்டும். அங்கே தேர்வானால் மாநிலம், பிறகு தேசியம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மையக் கருப்பொருள் அறிவிப்பார்கள். 2014, 2015 ஆம் ஆண்டுகளுக்கு வானிலையும் காலநிலையும். 2022, 2023 ஆம் ஆண்டுகளுக்கு உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் சூழல் மண்டலத்தைப் புரிந்துகொள்ளுதல். நடப்புக் கருப்பொருளை மாவட்ட ஒருங்கிணைப்பாளரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ‘நீர் மாசு’ ஆய்வுத் தலைப்பு ஆகாது. அது ஒரு பாடத்தின் பெயர். அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், பிள்ளைகள் இணையத்திலிருந்து பத்துப் பக்கம் எழுதி, வண்ணப் படம் ஒட்டி முடித்துவிடுவார்கள். நான் வழிகாட்டியாக இருந்த முதல் ஆண்டில் எங்கள் குழுவுக்கு நடந்தது அதுதான். நடுவர் ஒருவர், ‘இதில் நீங்களே அளந்த எண் எது?’ என்று கேட்டபோது பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. தவறு என்னுடையது. கேள்வியைச் சுருக்கிக் கொடுக்க வேண்டியவன் நான்தான்.

உங்கள் மாவட்டத்தில் கண்மாய்க்குப் பஞ்சமில்லை. கண்மாய் பெருகினால் பக்கத்துக் கிணறு நல்ல தண்ணீராகும் என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை? கண்மாய்க் கரையிலிருந்து தள்ளிப்போகப் போக, கிணற்று நீரின் உப்பு கூடுகிறதா? இது ஆய்வுக் கேள்வி. இதற்கு ஆம் என்றும் பதில் வரலாம், இல்லை என்றும் வரலாம். இரண்டில் எது வந்தாலும் ஊருக்குப் பயனுண்டு. ஊரில் பத்துப் பன்னிரண்டு கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். கரையிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தொலைவு என்பதைக் காலடியால் அளந்து, கைப்பேசி வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அதாவது செப்டம்பரில் ஒருமுறையும், மழை பெய்து கண்மாயில் நீர் ஏறிய பிறகு மறுமுறையும் ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எடுத்து அளக்கச் சொல்லுங்கள். மாவட்ட மாநாட்டுத் தேதி முன்னதாக வந்துவிட்டால், முதல் சுற்று அளவீட்டோடு போய், இரண்டாம் சுற்று பாக்கி இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லலாம்.

கருவி என்று தேவைப்படுவது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர். குடிநீர் வடிகட்டி பொருத்த வருகிறவர்கள் தண்ணீரில் முக்கிக் காட்டுவார்களே, அதேதான். ஆனால் அது உண்மையில் உப்பை எடை போடுவதில்லை; தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள பொருள்களின் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இதை விளக்கிவிட்டால், நடுவர்கள் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அவர்களே பதில் சொல்வார்கள். தண்ணீரின் வெப்பநிலை மாறினால் கடத்துதிறனும் மாறும் என்பதால், எல்லா மாதிரிகளையும் நிழலில் ஒரே நேரம் வைத்திருந்து அளக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை அளந்து, மூன்றையும் அப்படியே எழுத வேண்டும். சராசரியை மட்டும் எழுதக் கூடாது.

இந்த ஆய்வில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தூரத்துக் கிணறுகள் எல்லாம் ஆழ்துளைக் கிணறுகளாகவும் கரையோரக் கிணறுகள் எல்லாம் பழைய திறந்த கிணறுகளாகவும் அமைந்துவிட்டால், உப்பு கூடுவது தொலைவாலா ஆழத்தாலா என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு கிணற்றின் ஆழத்தையும் வகையையும் உரிமையாளரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒரே வகைக் கிணறுகளை மட்டும் தம்முள் ஒப்பிட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. மீட்டர் 400 காட்டியது என்பதற்காக ‘இந்தக் கிணறு குடிக்க உகந்தது’ என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. கிருமி இருக்கிறதா என்பதை அந்தக் கருவி சொல்லாது. அளந்ததற்கு மேல் ஒரு சொல் கூட முடிவில் எழுதாமல் இருக்கப் பழகுவது எளிதல்ல ஐயா, பெரியவர்களுக்கே கடினம். ஆனால் பதின்மூன்று வயதில் அதைப் பழகிவிட்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் நாளிலிருந்து ஒரு நாட்குறிப்பேடு வைக்கச் சொல்லுங்கள். தேதி, நேரம், யார் போனது, எந்தக் கிணற்றில் வாளி கிடைக்கவில்லை என்பது வரை அதில் இருக்கட்டும். பிழையான எண்ணை அழிக்காமல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். நடுவர்கள் அழகாகக் கட்டப்பட்ட அறிக்கையைக் காட்டிலும் அந்த அழுக்குக் குறிப்பேட்டை நம்புவார்கள். பிறகு, கட்டுரையை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் தமிழ் வழியில் படிக்கிறேன். ஆய்வைத் தமிழில் வாசித்தால் மதிப்பு குறையுமா? மேலும், என் அப்பா கேவிபிஒய் தேர்வு எழுதச் சொல்கிறார். ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு வேறு என்னென்ன வாய்ப்புகள் உள்ளன?
— ஒரு மாணவி, அரியலூர் மாவட்டம்

பதில்: குறையாது மகளே. குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் விதிமுறையே இந்திய மொழிகளில் வாசிக்க இடம் கொடுக்கிறது. உனக்கு எந்த மொழியில் ‘ஏன்’ என்று கேட்டால் உடனே பதில் வருமோ, அந்த மொழியில் வாசி. கேவிபிஒய் என்பது அறிவியல் படிக்க விரும்பும் மாணவர்களுக்குத் தேர்வு வைத்து உதவித்தொகை தர 1999 இல் தொடங்கிய நல்ல திட்டம். ஆனால் அந்தத் தேர்வு 2022 ஆம் ஆண்டோடு நின்று, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர்’ திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது என்று அப்பாவிடம் சொல். உன் வகுப்புக்குப் பொருந்துவது இஸ்ரோவின் ‘யுவிகா’. 2019 இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கோடை விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு வாரம் இஸ்ரோ மையம் ஒன்றில் தங்கிப் பயில்கிறார்கள். செலவை இஸ்ரோ ஏற்கிறது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு இணையவழி வினாடிவினாவும் கணக்கில் வரும். கிராமப் பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளிகளில் படிக்கிறவர்களுக்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. இது ஆய்வு செய்யும் திட்டம் அல்ல, ஆய்வு நடக்கும் இடத்தைப் பார்க்கும் திட்டம். சொந்த யோசனை ஒன்று இருந்தால், பள்ளி வழியாக ‘இன்ஸ்பயர் மனக்’ திட்டத்துக்கு அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருகிறார்கள். இரண்டுக்கும் விண்ணப்பத் தேதியைத் தவறவிடுவதால்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இழக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே கேள்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளி மாணவர்களின் ஆய்வுகளுக்கான ஐரிஸ் தேசியக் கண்காட்சிக்கு விண்ணப்பிக்க எண்ணி, வேப்பிலைச் சாறு பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துமா என்று வீட்டிலேயே சோதித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்பார்த்த விளைவு வரவில்லை. பாக்டீரியா வளர்த்த ஐந்து தட்டுகளில் இரண்டில்தான் வேறுபாடு தெரிகிறது. மற்ற மூன்றை விட்டுவிட்டு எழுதலாம் என்று நண்பன் சொல்கிறான். என்ன செய்வது?
— ஒரு மாணவர், கோவை

பதில்: தம்பி, முதலில் வீட்டில் நடக்கும் அந்தச் சோதனையை நிறுத்துங்கள். இன்னும் திறக்காத தட்டுகளைத் திறக்காமலே, உயிரியல் ஆசிரியரின் மேற்பார்வையில் அழிக்கக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் வளர்க்கும் தட்டில் எந்தக் கிருமி வளர்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது; நோய் உண்டாக்குவதும் அதில் இருக்கலாம். ஐரிஸ் வழியாக இந்திய அணி செல்லும் ‘ஐசெஃப்’ என்ற சர்வதேசப் பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சி 1950 முதல் நடந்துவருவது. அதன் விதிகள் வீட்டில் பாக்டீரியா வளர்ப்பதை ஏற்பதில்லை. கிருமிகள், முதுகெலும்புள்ள விலங்குகள், மனிதர்களிடம் எடுக்கும் கருத்துக் கணிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் ஆய்வைத் தொடங்கும் முன்பே, ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலிக்கும் குழுவின் எழுத்து அனுமதி வேண்டும். முடித்தபின் வாங்கும் அனுமதி செல்லாது. நல்ல ஆய்வுகள் இந்த ஒரு காரணத்தால் வாசலிலேயே நின்றுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடுத்து அந்த மூன்று தட்டுகள். அவற்றை விட்டுவிட்டு எழுதினால் அது பொய். நண்பர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடாது. மேலும், உங்கள் ஆய்வில் சுவையான பகுதியே அந்த மூன்றுதான். ஒரே சாறு இரண்டில் வேலை செய்து மூன்றில் செய்யாமல் போனது ஏன்? ஒவ்வொரு முறையும் சாற்றின் அடர்வு ஒன்றாக இருந்ததா? இலை ஒரே மரத்தினுடையதா, ஒரே நாளில் பறித்ததா? சாறு இல்லாமல் வெறும் தண்ணீர் மட்டும் விட்ட தட்டு ஒன்று வைத்திருந்தீர்களா? வைக்கவில்லை என்றால், அந்த இரண்டு தட்டுகளில் தெரிந்த வேறுபாடும் சாற்றால் வந்ததென்று சொல்ல முடியாது.

ஐசெஃப் அரங்கில் நடுவர்கள் வரும் நேரத்தில் ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் நிற்க முடியாது. மாணவர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். அப்போது இந்தக் கேள்விகள் கட்டாயம் வரும். ஆகவே அருகிலுள்ள கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என்ன செய்தீர்கள், ஐந்தில் எத்தனை சரிவரவில்லை, எதைச் சரியாகச் செய்யவில்லை என்று நினைக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் அவர்கள் ஆய்வகத்தில் வேலை செய்ய முடியும் என்பதை மட்டும் எழுதுங்கள். ஒரு துறை பதில் தராவிட்டால் அடுத்த கல்லூரிக்கு எழுதுங்கள். அனுமதிப் படிவம் கையில் வந்த பிறகு, புதிய குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அந்த ஐந்து தட்டுகளின் முடிவையும் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.