சீனப் பல்கலைக்கழகங்களில் சொல்லித் தருவதால் அங்குள்ள மரபிசை பிழைக்குமா?

உருப்படிகள் பிழைக்கும், வாசிக்கும் பாணி பிழைப்பது சந்தேகம். இதுதான் என் கட்சி.

எர்ஹு என்ற வில் வாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே தந்தி, வில்லின் முடி அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கும். தெருவிலும் நாடக மேடையிலும் வாசிக்கப்பட்ட அதை 1920-களில் பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர் லியூ தியான்ஹுவா. வயலின் பயிற்சிமுறையையும் பார்த்து 47 பயிற்சிகள் எழுதினார். இன்றைய இசைக்கல்லூரிகள் நடப்பது அவர் போட்ட பாதையில்தான்.

1950-இல் வூசி நகரில் ஆபிங் என்ற பார்வையற்ற தெருக்கலைஞரின் வாசிப்பை இசைக்கல்லூரி ஆசிரியர் யாங் யின்லியூ கம்பி ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்தார். மொத்தம் ஆறே உருப்படி. அந்த டிசம்பரிலேயே ஆபிங் இறந்துவிட்டார். அவற்றில் ஒன்றான ‘எர்ச்சுவான் யிங்யுவே’ இன்று எர்ஹு மாணவர்கள் தப்பாமல் படிக்கும் பாடம். அந்த ஆசிரியர் போகாமல் இருந்திருந்தால் அது ஆபிங்கோடு போயிருக்கும். சரி, பழைய பதிவைக் கேட்டுவிட்டு இன்றைய கச்சேரி மேடைக்கு வாருங்கள். அவர் தடித்த பட்டுத் தந்தியில், தாழ்ந்த சுருதியில், கரகரவென்று இழுக்கிறார். இப்போது எஃகுத் தந்தி; வழவழவென்று, அழுகை கொஞ்சம் தூக்கலாக. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

குரலிசையில் நிலைமை இன்னும் மோசம். மேற்கத்திய ஓப்பராவின் மூச்சுப் பயிற்சியைக் கலந்து கல்லூரிகள் உருவாக்கிய ‘தேசியப் பாணி’யை, ஆயிரம் பேருக்கும் ஒரே குரல் என்று சீனர்களே நக்கலடிப்பார்கள். விதிவிலக்கும் உண்டு. 1958-இல் ஷாங்காய் இசைக்கல்லூரிக்கு வந்த திபெத்தியப் பாடகி செதன் தோல்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த வாங் பின்சு, அவருடைய ஊர்க்குரலை மாற்றாமலே பயிற்சி தந்தார்.

‘குச்சின்’ என்ற ஏழு தந்தி மீட்டு வாத்தியம் மட்டும் ஓரளவு தப்பித்தது. அதன் பழைய குறிப்பில் எந்தத் தந்தி, எந்த விரல், எப்படி மீட்டுவது எல்லாம் இருக்கும், காலப்பிரமாணம் இருக்காது. 1425-இல் தொகுக்கப்பட்ட ‘ஷென்சி மிபு’வைத் திறந்து வைத்துக்கொண்டாலும் தாளத்தை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்கு ‘தாபு’ என்று பெயர், மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. ஒரே ஏட்டிலிருந்து இருவர் இருவேறு விதமாக வாசித்தாலும் தப்பில்லை. அதனால் பரீட்சை வைத்துக்கூட இதை ஒரே அச்சில் வார்ப்பது கஷ்டம்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் குச்சின் கலைஞர் குவான் பிங்ஹு வாசித்த ‘லியூ ஷுய்’யில் ஆரம்பியுங்கள். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றி அனுப்பியது அந்தப் பதிவைத்தான்.